அபயக்கரம் நீண்ட சிற்றூர்கள்: பெண்கள் அடைக்கல இல்லங்களின் வரலாறு

அம்மன் சந்நிதியில் நின்று வணங்கும்போது நம் கண்களில் முதலில் படுவது அன்னையின் அபயக்கரமே. ‘அஞ்சேல்’ என்று உயர்ந்து நிற்கும் அக்கரத்தை நம்பித்தான் தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் ஆலயப் படியேறி வந்துள்ளனர். குடித்துவிட்டு வந்த கணவனின் அடி தாங்காமல், கைக்குழந்தையோடு தோட்டத்து மாரியம்மன் கோயில் திண்ணையில் விடியும்வரை அமர்ந்திருந்த பெண்களைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கின்றோம். கோயில் திண்ணை ஓர் இரவுக்கு உதவும். பொழுது விடிந்தபின் அவள் எங்கே செல்வாள்? இவ்வினாவிற்கு விடை காண முயன்றவர்கள் சிலர் உண்டு. அவர்களுள் குறிப்பிடத்தக்கோர் பெருநகரங்களை விட்டுச் சிற்றூர்களிலும் வெட்டவெளிகளிலும் சென்று இல்லம் அமைத்தவர்கள். அவர்களைப் பற்றித் திருவிழா மலரின் இப்பக்கங்களில் மெய்யன்பர்களோடு பகிர்ந்துகொள்வது பொருத்தமாகும் எனக் கருதுகின்றேன்.

பெண்கள் அடைக்கல இல்லம் என்றவுடன், அது மேலை நாட்டிலிருந்து வந்த புதுமை என்று நினைப்போர் நம்மிடையே பலர். 1971-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் சிசிக் பகுதியில் எரின் பிசி அம்மையார் திறந்த இல்லத்தையே எல்லாவற்றிற்கும் தொடக்கமாகக் கூறுவதும் வழக்கமாகிவிட்டது. கணவனால் தாக்கப்பட்ட பெண்களுக்கெனவே அமைந்த இல்லங்களுள் அது பெரும்புகழ் பெற்றது என்பதில் ஐயமில்லை. எனினும், வீட்டில் வாழ முடியாத பெண்ணுக்கு வீட்டிற்கு வெளியே ஒரு கூரை வேண்டும் என்ற எண்ணம் அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பே இந்திய மண்ணில் செயல்வடிவம் பெற்றுவிட்டது. அன்று அடைக்கலம் நாடி வந்தவர்கள் பெரும்பாலும் இளம் விதவைகள். அவர்கள் தப்பி வந்தது கணவனின் கையிலிருந்து அன்று. கணவனை இழந்த பெண்ணைக் கூலியில்லா வேலைக்காரியாகவும் அபசகுனமாகவும் நடத்திய குடும்பத்தின் கையிலிருந்து. விதவைகள் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 1856-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும், மழிக்கப்பட்ட தலையோடு சமையலறை மூலையில் கிடந்த பன்னிரண்டு வயதுப் பெண்ணுக்கு அச்சட்டம் இருப்பதே தெரியாது.

இத்துறையில் முதலில் நினைக்கத்தக்கவர் பண்டித ரமாபாய் அம்மையார். 1858-இல் பிறந்த இவர், தந்தையிடமும் தாயிடமும் வடமொழி பயின்று, குடும்பத்தோடு ஊர் ஊராகச் சென்று புராணம் வாசித்து வாழ்ந்தவர். பஞ்ச காலத்தில் தென்னகத்தில் அலைந்தபோது பெற்றோரைப் பறிகொடுத்தார். 1878-இல் கல்கத்தா அறிஞர்கள் இவருடைய புலமையைக் கண்டு ‘பண்டிதை’, ‘சரஸ்வதி’ என்னும் பட்டங்களை வழங்கினர். மணமாகி இரண்டு ஆண்டுகளுக்குள் கணவரும் மறைந்தார். கையில் பெண் குழந்தையோடு நின்ற இவருக்குப் புலமை இருந்தது. ஊரின் பேச்சைத் தாங்கும் நெஞ்சுரமும் இருந்தது. இவை இரண்டும் இல்லாத பெண்களின் நிலை என்ன என்பதே இவரை வாட்டிய கேள்வி.

1889-ஆம் ஆண்டு மார்ச் மாதம் 11-ஆம் நாள் பம்பாயில் ‘சாரதா சதன்’ என்ற இல்லத்தை ரமாபாய் திறந்தார். அடுத்த ஆண்டே அது புனே நகருக்கு மாறியது. இடையில் இங்கிலாந்தில் தங்கியிருந்தபோது அவர் கிறிஸ்தவ சமயத்தைத் தழுவியிருந்தார். இல்லத்துப் பெண்கள் மதம் மாறுகின்றனர் என்ற கூக்குரல் 1893-இல் எழுந்தது; இரானடே, பண்டார்க்கர் முதலிய பெரியோர் ஆலோசனைக் குழுவிலிருந்து விலகினர். பல குடும்பங்கள் தம் பெண்களை அழைத்துச் சென்றன. இவ்விவாதத்தில் யார் பக்கம் நியாயம் என்று நூற்றாண்டு கடந்த பின்னரும் பேசுகின்றனர். சமய உணர்வுள்ள பெற்றோரின் அச்சத்தை நம்மால் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால், திரும்ப அழைத்துச் செல்லப்பட்ட பெண்கள் மீண்டும் எந்த மூலைக்குச் சென்றனர் என்பதைப் பற்றிக் கூக்குரலிட்டவர்கள் அதிகம் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. இஃது என் கருத்து.

1896-இல் மத்திய மாகாணங்களைப் பஞ்சம் வாட்டியது. பஞ்சத்தில் சிக்கிய பெண்களையும் சிறுமியரையும் ரமாபாய் நேரில் சென்று அழைத்து வந்தார். அக்காலத்தில் புனே நகரில் கொள்ளைநோய் பரவியதால் புதியவர்களை நகருக்குள் தங்கவைக்க அதிகாரிகள் இடந்தரவில்லை. புனேவுக்குக் கிழக்கே, இரயில் பாதையோரத்தில் உள்ள கேட்காவ் என்ற சிற்றூரில் அவர் முன்னரே நிலம் வாங்கியிருந்தார். அங்குக் கொட்டகைகள் எழுந்தன, கிணறுகள் வெட்டப்பட்டன. ‘முக்தி சதன்’ என்று பெயர் பெற்ற அவ்வில்லத்தில் 1900-ஆம் ஆண்டளவில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். உழுதல், நெசவு, பால்பண்ணை, அச்சுக்கூடம் என அனைத்தையும் பெண்களே நடத்தினர். பார்வையற்ற பெண்களுக்கும் ஒரு பிரிவு இருந்தது. இத்தனை பேருக்கும் நகரத்தில் வாடகை கொடுத்துச் சோறு போட எவராலும் இயலாது. சிற்றூரில் நிலம் மலிவு, விளைவதை உண்ணலாம், தறியில் அமர்ந்த பெண் தான் பிறர் தயவில் வாழ்கிறாள் என்று கூச வேண்டியதில்லை. ரமாபாய் 1922-இல் மறைந்தார்.

சாரதா சதனின் முதல் மாணவியருள் ஒருவர் கோதுபாய் என்ற இளம் விதவை. 1893-இல் அவரை மறுமணம் செய்துகொண்டவர் தோண்டோ கேசவ கார்வே. இவர் புனே பெர்குசன் கல்லூரியில் கணிதப் பேராசிரியர். இம்மணத்திற்காகச் சொந்த ஊரான முருட் கிராமத்தார் இவரை ஒதுக்கிவைத்தனர். முதிய தாயாரும் அந்த இழிவைச் சுமக்க நேர்ந்தது. முதலில் கார்வே விதவை மறுமணத்தை ஊக்குவிக்கவே முனைந்தார். பிறகு, படிப்பும் தங்க இடமும் இல்லாத பெண்ணுக்கு மறுமணத்தை மட்டும் பரிந்துரைப்பது போதாது என்று உணர்ந்தார். 1896-இல் விதவையர் இல்லச் சங்கம் பிறந்தது. இந்துக் குடும்பங்கள் அஞ்சாமல் தம் பெண்களை அனுப்பக்கூடிய இல்லமாக அது நடைபெற வேண்டும் என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

கொள்ளைநோய் அவரையும் நகரைவிட்டு விரட்டியது. புனேவிலிருந்து சில கல் தொலைவிலுள்ள ஹிங்கணே என்ற கிராமத்தில் கோகலே என்னும் பெருமகனார் ஆறு ஏக்கர் நிலம் வழங்கினார். 1900-இல் அங்கு ஒரு குடிசை எழுந்தது. அந்தக் குடிசையே இல்லம், பள்ளியும் அதுவே. சாலை வசதி இல்லை. பகலெல்லாம் கல்லூரியில் கணிதம் கற்பித்துவிட்டு, மாலையில் வேண்டிய பொருள்களைச் சுமந்துகொண்டு, மழைக்காலச் சேற்றில் நடந்தே ஹிங்கணே சென்று பெண்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார் அப்பேராசிரியர். பிறகு மீண்டும் நகரத்திற்கு நடந்து திரும்பிக் கல்லூரிக் கடமையை ஆற்றினார். கிராமத்தில் இல்லம் நடத்துவது என்றால் யாரோ ஒருவர் அன்றாடம் நடக்க வேண்டியிருக்கிறது. ஆறு ஏக்கர் கொடுத்தவரை நாம் வாழ்த்துகின்றோம், வாழ்த்தவும் வேண்டும். ஆனால் இல்லத்தை நிலைக்கச் செய்தது அந்த நடையே.

கார்வேயின் மைத்துனி பார்வதிபாய் ஆதவலே அம்மையாரைப் பற்றியும் ஓரிரு சொற்கள் கூற வேண்டும். இவரும் விதவையே. படிப்பறிவு அதிகமின்றி ஹிங்கணே வந்து, பிறகு அவ்வில்லத்தையே மேற்பார்வையிடும் நிலைக்கு உயர்ந்தார். ஊர் ஊராகச் சென்று நன்கொடை திரட்டினார். ஆங்கிலம் கற்க அமெரிக்கா வரை சென்று, வீட்டுவேலை செய்து பிழைத்துக்கொண்டே கற்றுத் திரும்பினார். அடைக்கலம் தேடி வந்தவரே அடைக்கலம் தருபவராக மாறும்போதுதான் ஓர் இல்லம் உண்மையில் வேரூன்றுகிறது. கார்வே 1916-இல் பெண்களுக்கெனப் பல்கலைக்கழகம் கண்டதும், 1958-இல் தம் நூறாம் வயதில் பாரத ரத்னா விருது பெற்றதும் பலர் அறிந்த செய்திகள்.

தமிழகத்தில் இப்பணியைச் செய்தவர் சகோதரி சுப்புலட்சுமி. 1886-இல் பிறந்து, பதினொரு வயதளவில் மணமாகி, சிறிது காலத்திலேயே விதவையானவர். பெற்றோர் அவருக்குத் தலைமழிக்க மறுத்துப் படிக்கவைத்தனர். 1911-இல் சென்னையில் பட்டம் பெற்றார். சென்னை மாகாணத்தில் பட்டம் பெற்ற முதல் இந்து விதவை இவரே என்பர். எழும்பூரில் நான்கு இளம் விதவையரோடு அவர் தொடங்கிய இல்லம், பின்னர்க் கடற்கரையிலுள்ள ஐஸ் ஹவுஸ் மாளிகைக்கு இடம்பெயர்ந்து வளர்ந்தது. அங்குப் பயின்ற விதவையர் ஆசிரியைகளாக வெளியேறினர். முதுமையிலும் ஓயாமல், 1954-இல் தாம்பரத்தை அடுத்த மாடம்பாக்கம் கிராமத்தில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு சமூக நல நிலையம் நிறுவினார். இளமையில் கணவரை இழந்து மருத்துவரான டாக்டர் சௌந்தரம் அம்மையார் தம் இரண்டாம் கணவர் இராமச்சந்திரனோடு 1947-இல் திண்டுக்கல் அருகே நிறுவிய காந்திகிராமமும் இவ்வழியில் வந்ததே.

இனி நம் நாட்டிற்கு வருவோம்.

மலாயாவில் பெண்களுக்கான இல்லங்களின் கதை துறைமுகங்களில் தொடங்குகிறது. சீனாவிலிருந்து ஏமாற்றி அழைத்து வரப்பட்டு விற்கப்பட்ட சிறுமியரைக் காக்கும் பொருட்டு, 1877-இல் அமைக்கப்பட்ட சீனர் காப்பக அலுவலகத்தின் ஆதரவில் ‘போ லியோங் குக்’ என்ற சபை 1888-இல் சிங்கப்பூரில் தோன்றியது. பின்னர்ப் பினாங்கு, கோலாலம்பூர் ஆகிய ஊர்களிலும் இல்லங்கள் ஏற்பட்டன. அங்கு அடைக்கலம் பெற்ற பெண்கள் தையலும் சமையலும் கற்றனர். மணமகன் தேடி வரும் ஆடவருக்கு விசாரித்து மணமுடித்து வைக்கப்பட்டனர். பல உயிர்களைக் காத்த பணி அது. எனினும் அவ்வில்லத்துப் பெண் விரும்பியபோது வெளியே செல்ல முடியாது. சுதந்திரத்திற்குப் பின் இயற்றப்பட்ட 1973-ஆம் ஆண்டுப் பெண்கள், சிறுமியர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் நடைபெற்ற தாமான் ஸ்ரீ புத்திரி இல்லங்களும் நீதிமன்ற ஆணையின் பேரில் பெண்களைத் தங்கவைத்தவையே. அச்சட்டம் நீக்கப்பட்டு அதன் இடத்தில் 2001-ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் வந்தது. ஓர் இல்லத்தின் கதவுப் பூட்டைப் பார்த்தே அதன் நோக்கத்தை ஓரளவு கண்டுகொள்ளலாம்: ஆபத்து உள்ளே வராமல் தடுக்கும் பூட்டு ஒரு வகை, பெண் வெளியே போகாமல் தடுக்கும் பூட்டு மற்றொரு வகை.

நம்மவர் வாழ்ந்த இரப்பர்த் தோட்டங்களில் இவ்விரு வகைப் பூட்டும் இல்லை, இல்லமே இல்லை. தோட்டத்துப் பெண்ணும் ஆணுக்கு நிகராகப் பால் வெட்டிச் சம்பாதித்தவளே. ஆயினும் லயத்து வீடு வேலையோடு பிணைந்தது. கணவனை விட்டு விலகினால் வீடும் போகும். சில வேளைகளில் வேலையும் போகும். கள்ளுக்கடை மூடியபின் எந்த வீட்டில் சத்தம் கேட்கும் என்று லயம் முழுவதும் அறியும். பக்கத்து வீட்டு அக்கா கதவைத் திறந்துவிடுவாள். டிரஸ்ஸர் காயத்திற்கு மருந்து போடுவார். காலையில் தண்டலோ கிராணியோ கணவனைக் கூப்பிட்டுக் கண்டிப்பார். கோயில் பெரியவர்கள் விபூதி கொடுத்து, “அனுசரித்துப் போம்மா” என்று அனுப்பிவைப்பார்கள். அவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர். அனுப்பிவைக்க வேறு இடம் அவர்களுக்குத் தெரியாது. நான் தொடக்கக் கல்வி பயின்ற தோட்டத் தமிழ்ப்பள்ளியில், இடையில் பெயரெடுத்துக்கொண்டு வேறு தோட்டத்திற்குச் சென்ற பிள்ளைகள் சிலர் உண்டு. தாய் பிறந்த வீட்டிற்குப் போய்விட்டாள் என்பார்கள். அக்காலத்தில் பிறந்த வீடே நம் பெண்களின் அடைக்கல இல்லம். பிறந்த வீடு கடல் கடந்து இருந்தாலோ, அண்ணிக்குப் பிடிக்காவிட்டாலோ அதுவும் இல்லை.

சட்டத்தின் நிலையும் அன்று பலவீனமாகவே இருந்தது. 1976-ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் முதல் நாள் நடைமுறைக்கு வரும்வரை, முஸ்லிம் அல்லாத ஆடவர் வழக்கத்தின் பெயரால் இரண்டாம் மனைவியைக் கொண்டுவர முடிந்தது. அதே 1982-ஆம் ஆண்டில்தான் மகளிர் உதவி இயக்கம், கணவரால் துன்புறுத்தப்பட்ட பெண்களுக்கான நாட்டின் முதல் இல்லத்தைத் திறந்தது. டபிள்யூ.ஏ.ஓ. என்றால் பலருக்கும் தெரியும். 1985-இல் பினாங்கிலும் கூச்சிங்கிலும் மகளிர் அமைப்புகள் தோன்றின. அவ்வாண்டு முதல் இவ்வியக்கங்கள் ஒன்றுகூடிக் குரல் கொடுத்ததன் பயனாக 1994-இல் குடும்ப வன்முறைச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 1996 ஜூன் முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. நிறைவேறிய சட்டம் நடைமுறைக்கு வர ஈராண்டு ஆனது எதனால் என்று கேட்டால், அலுவலகங்களில் பணியாற்றும் என்னைப் போன்றோர் புன்னகைத்துவிட்டு வேறு பேச்சுக்குப் போவோம். அடிபட்டு வரும் பெண்ணை மருத்துவர், காவல் துறை, நலத்துறை என்று அலைக்கழிக்காமல் ஒரே இடத்தில் கவனிக்கும் மையம் 1990-களின் நடுவில் கோலாலம்பூர் மருத்துவமனையில் தொடங்கப்பட்டுப் பின்னர்ப் பிற அரசு மருத்துவமனைகளுக்கும் பரவியது. இது நம் நாடு பிற நாடுகளுக்குக் காட்டிய முன்மாதிரி.

இவையெல்லாம் பெருநகரங்களுக்கு அருகில் இருப்போருக்கு எளிது. சிற்றூரின் சிக்கல் வேறு. அடைக்கல இல்லத்தின் முதல் விதி முகவரியை மறைப்பது. கோலாலம்பூரில் ஆயிரம் வீடுகளுக்கு நடுவில் ஒரு வீட்டை மறைத்துவிடலாம். இரண்டே கடைத்தெருக்கள் உள்ள ஊரில் எந்த வீட்டில் புதிதாகத் துணி காய்கிறது என்பதுகூட மறுநாளே தெரிந்துவிடும். பணி நிமித்தம் நான் தங்கியிருந்த ஒரு சிறு பட்டணத்தில், புகார் கொடுக்க வந்த பெண்ணொருத்தி அலுவலக வாசலிலேயே திரும்பிவிட்டதைக் கண்டேன். முகப்பில் அமர்ந்திருந்தவர் அவள் கணவனின் சொந்தக்காரர். அவர் நல்லவரோ கெட்டவரோ, அவளுக்கு அது ஒரு பொருட்டன்று. மேலும், வெளியூர் இல்லத்திற்குச் செல்வதாயின் பிள்ளையின் பள்ளி, அவளுடைய தொழிற்சாலை வேலை, வயதான தாய் எல்லாவற்றையும் விட்டுச் செல்ல வேண்டும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்த பின்னர், கதவைத் திறந்துவிட்ட பக்கத்து வீட்டு அக்காவும் இல்லாமற் போனாள்.

ஆகவே நம் ஆலயங்களுக்கு வரும் பெண்கள் அறிந்திருக்க வேண்டிய சிலவற்றை ஈண்டுக் கூறிவிடுகின்றேன். குடும்ப வன்முறைச் சட்டம் எல்லா இனத்தாருக்கும் சமயத்தாருக்கும் பொதுவானது. கோயிலில் தாலி கட்டியதோடு நின்று, திருமணத்தைப் பதிவு செய்யாத பெண்ணையும் அச்சட்டம் மனைவியாகவே ஏற்றுப் பாதுகாப்பளிக்கிறது. ‘பதியவில்லையே, நமக்கு என்ன உரிமை’ என்று கலங்கி வாய்மூடி இருக்க வேண்டியதில்லை. புகார் கொடுக்க உதவுதல், பாதுகாப்பான இடத்திற்கோ மருத்துவமனைக்கோ அழைத்துச் செல்லுதல் ஆகியவற்றோடு, அவளுடைய உடைமைகளை எடுத்துவர வீடுவரை உடன் செல்வதும் நலத்துறை, காவல் துறை அதிகாரிகளின் கடமை என்று சட்டமே வகுத்துள்ளது. பிறப்புச் சான்றிதழும் அடையாள அட்டையும் வீட்டிலேயே மாட்டிக்கொண்டதால் மீண்டும் அவ்வீட்டிற்கே திரும்பிய பெண்கள் எத்தனையோ பேர். அவ்விதியின் அருமை அவர்களுக்குத்தான் தெரியும்.

2012-இல் செய்யப்பட்ட திருத்தம் மனத்தளவிலான கொடுமையையும் வன்முறையாகச் சேர்த்துக்கொண்டது. 2017-இல் நிறைவேறி 2018-இல் நடைமுறைக்கு வந்த திருத்தம் சிற்றூர்களுக்குப் பெரிதும் பயன் தரக்கூடியது. அதன்படி, நீதிமன்றம் திறக்கும்வரை காத்திராமல், சமூக நல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணையை வழங்கலாம். ஏழு நாள் செல்லுபடியாகும் அவ்வாணையைப் பெறக் காவல் நிலையத்தில் முதலில் புகார் கொடுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வெள்ளிக்கிழமை இரவு அடிபட்டவள் திங்கட்கிழமை வரை எங்கே ஒளிவது என்ற பழைய கேள்விக்கு இது ஓரளவு விடையாகும். 2020 மார்ச் மாதம் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கி வீடுகள் மூடிக்கிடந்த வாரங்களில் உதவி கேட்ட அழைப்புகள் பெருகியதை நாளிதழ்களில் படித்தோம்.

ஆலய நிர்வாகங்கள் ஆறு ஏக்கர் நிலம் தேட வேண்டும் என்று நான் கூறவில்லை. திருமணப் பதிவுக்காக நம் ஆலயங்கள் பலவற்றில் தனியே ஒரு மேசையும் பேரேடும் இருக்கின்றன. மணமக்கள் கையெழுத்திடும் அந்த மேசைக்கு மேலுள்ள சுவரில், மகளிர் நல அமைச்சின் ‘தாலியான் காசே’ உதவி எண்ணை எழுதி வைக்கலாம். எண் 15999. இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். ஆலயத்தின் மகளிர் பிரிவில் இருவர் மாவட்டச் சமூக நல அலுவலகத்திற்கு ஒருமுறை சென்று, எந்த அதிகாரியைக் காண வேண்டும், அருகிலுள்ள இல்லம் எது, இரவில் யாரை அழைப்பது என்று கேட்டு எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த முறை பிள்ளையோடு ஒரு பெண் திண்ணையில் வந்து அமரும்போது, விபூதி கொடுத்தபின் அவளை எங்கே அனுப்புவது என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.